கடைசி மேஜையில் வைக்காதது

ஏரிக்கரைப் பூங்காவில் சாயங்காலம் நடந்து முடித்துவிட்டு நாம் உட்காரும் பெஞ்சில் போன வாரம் ஒரு வழக்கு வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? மனுசன் கண்டுபிடித்ததிலேயே பெரியது எது என்று. நம்மில் ஒருவரின் பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் அந்தத் தலைப்பில் சார்ட் கேட்டிருந்தார்கள். ஆதிகாலத்திலிருந்து இன்றைக்கு வரை வந்த முக்கியமான கண்டுபிடிப்புகள். சக்கரம், அச்சு, பல்பு, கம்ப்யூட்டர் எல்லாம் கடையில் படமாகவே விற்கிறான், வாங்கி ஒட்டினால் முடிந்தது. நம் பெஞ்சு அதோடு விடுமா?

"மிக்ஸிதான். ஆட்டுக்கல்லுல கை தேஞ்சவளைக் கேளுங்க."

"கண்ணுல வைக்கிறான் பாருங்க லென்ஸு, அதுக்கு மேல ஒண்ணும் கிடையாது."

"எல்லாத்தையும் தள்ளுங்க. வெஸ்டர்ன் கக்கூஸ். முட்டி போனவனுக்குத்தான் அதோட அருமை தெரியும்."

உங்களுக்கெல்லாம் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. அப்புறம் என் முறை வந்தபோது நான் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். "என்ன, வாயாடிக்கு இன்னிக்கு வாயில பூட்டு" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அதற்குப் பதில்தான் இது. பெஞ்சில் உட்கார்ந்து சொன்னால் பாதியில் எழுந்து போய்விடுவேன். அதனால் எழுதிவிட்டேன். என் படிப்பு பத்தாவதோடு சரி. மிச்சமெல்லாம் ஜனங்கள் வாயிலிருந்து பொறுக்கியது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது எங்கள் வீடு இரும்புலியூரில், ரயில் லைன் பக்கம். அப்பாவுக்குப் பார்க் டவுனில் ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா வேலை. அப்பாவின் கடைசித் தங்கை எங்களோடுதான் இருந்தாள். அத்தைக்குச் சின்ன வயதில் ஒரு காய்ச்சல் வந்து, போகும்போது காதில் முக்கால்வாசியை எடுத்துக்கொண்டு போய்விட்டது. உதட்டைப் பார்த்தே படித்தாள். உதட்டைப் பார்த்தே டீச்சர் டிரெயினிங்கும் முடித்தாள். தாம்பரத்தில் நான் படித்த அதே பள்ளிக்கூடத்தில், அஞ்சாம் வகுப்பு, ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்த வேலை நிரந்தரமாகுமா என்பதுதான் அந்த வருஷம் முழுக்க அத்தையின் நெஞ்சில் இருந்த ஒரே கேள்வி. பாடம் நன்றாக எடுக்கிறாள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. புகார் ஒன்றுதான். போர்டு பக்கம் திரும்பினால் வகுப்பு சந்தைக்கடை ஆகிவிடும், டீச்சருக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தின் கரஸ்பாண்டென்ட் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "உங்க வேலையில குறை இல்லம்மா. காது விஷயம்தான் யோசனையா இருக்கு."

அத்தை வீட்டுக்கு வந்து அழவில்லை. சாப்பிடவில்லை. அவ்வளவுதான். அடுத்த சனிக்கிழமை அப்பா அவளை மவுண்ட் ரோடுக்குக் கூட்டிக்கொண்டு போனார். காதுக்குள் ஏதோ சப்பாத்தி மாவு மாதிரி அடைத்து அச்சு எடுத்தார்களாம். பத்துப் பதினைந்து நாள் கழித்து அந்த மிஷின் வீட்டுக்கு வந்தது.

இப்போது வருவது மாதிரி சுண்டைக்காய் அளவு இல்லை. சிகரெட் பெட்டி அளவில் ஒரு தகரப் பெட்டி, பக்கவாட்டில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னப் பல்சக்கரம். அதிலிருந்து ஒரு வெள்ளை ஒயர், ஒயரின் நுனியில் காதுக்குள் திணிக்க அந்த அச்சு. உள்ளே பென்சில் செல். ஜாக்கெட்டுக்கு உள்பக்கமாக அம்மா ஒரு பை தைத்துக் கொடுத்தாள். ஒயர் கழுத்துக்குப் பின்னால் ஏறி, தளர்வாகப் பின்னி முன்னால் இழுத்துவிட்ட சடைக்குள் ஒளிந்துகொள்ளும். பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. ஒளிப்பதில் அம்மா கெட்டிக்காரி. ஒளிப்பதில் எங்கள் வீட்டில் எல்லாருமே கெட்டிக்காரர்கள்.

முதல் நாள் அத்தை வீடு முழுக்கச் சுற்றினாள். கடுகு வெடிப்பதைக் கேட்டு அடுப்பங்கரைக்கு ஓடி வந்தாள். அவள் அதுவரை கடுகு சத்தமில்லாமல் குதிப்பதாக நினைத்திருக்கிறாள். சாப்பிட உட்கார்ந்ததும் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, கேக்குதா?"

"கேக்குது அண்ணா. நீ சாப்பிடும்போது இவ்வளவு சத்தம் போடுவியா?"

அம்மாவுக்குப் புரையேறிவிட்டது. "இத்தனை வருஷம் நான் சொன்னேன், நம்பினீங்களா?" என்றாள். அப்பா அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அவர் கெட்ட மனுசர் இல்லை. இதைப் படித்து முடித்த பிறகும் நீங்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். கெட்ட மனுசர் செய்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

பள்ளிக்கூடத்திலும் ஒரே வாரத்தில் செய்தி பரவிவிட்டது. அத்தை போர்டில் எழுதிக்கொண்டே, திரும்பாமல், "மூணாவது பெஞ்சு, என் புடவை கலர் உனக்கு ஏன் பிடிக்கல?" என்று கேட்டாளாம். அதற்கப்புறம் அந்த வகுப்பில் ஈ பறந்தால் சத்தம் கேட்கும். கரஸ்பாண்டென்டிடமும் நேரே போய்ச் சொல்லிவிட்டாள், மிஷின் வாங்கியிருக்கிறேன் சார் என்று. அவர் சந்தோஷப்பட்டாராம். "வருஷக் கடைசியில எக்ஸிபிஷன் வருதில்ல, உங்களை நம்பி விடுறேன். அது முடியட்டும், ஆர்டர் போட்டுடலாம்" என்றாராம்.

அந்த மிஷினுக்கு ஒரே ஒரு குணக்கேடு. காதும் பெட்டியும் கிட்டே வந்தால் கத்தும். அதாவது, தலையைக் குனிந்தால் 'கீ' என்று ஊளையிடும். நம் ஆட்கள் தலை குனியாமல் ஜெபம் பண்ணுவார்களா? ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லாரும் தலை குனிந்து, ஊசி விழுந்தால் கேட்கிற அமைதியில் மௌன ஜெபம். அத்தையும் பக்தியோடு குனிந்தாள். 'கீ' என்றது. உபதேசியார் மைக்கைத் தட்டிப் பார்த்தார். பின்வரிசைக் கிழவர் ஒருவர் எழுந்து காற்றாடியை நிறுத்தினார். நிற்கவில்லை. அத்தை தன் ஜெபத்துக்கு இவ்வளவு இரைச்சல் ஏன் என்று திகைத்துத் தலையைத் தூக்கினாள். நின்றது. ஆமென் சொல்வதற்குள் முழுச் சபையும் திரும்பி ஒரே இடத்தைப் பார்த்தது.

வீட்டுக்கு வரும்போது அப்பா சொன்னார்: "யாருக்கும் புரியல. மைக்குன்னு நெனச்சுட்டாங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். மறைக்கிறவனுக்கு மட்டும் சோறு தெரியும், மற்ற எல்லாருக்கும் பூசணிக்காய் தெரியும்.

அத்தைக்கு வரன் பார்க்க ஆரம்பித்திருந்த நேரம் அது. அப்பா பயந்தது அதற்குத்தான். அவருக்கு இன்னொரு பக்கமும் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது: தங்கைக்கு மிஷின் வாங்கிக் கொடுத்த அண்ணன் அவர். மிஷின் போட்ட பெண்ணுக்கு அண்ணன் என்று சொல்லிக்கொள்ளத்தான் அவரால் முடியவில்லை. அவருக்கு வாயில் எப்போதும் ஒரு பழமொழி தயாராக இருக்கும், ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்று.

இனி கண்காட்சிக்கு வருகிறேன். தலைப்பு, அத்தையே வைத்தது: 'கல் முதல் கணிப்பொறி வரை'. கணிப்பொறியை எங்களில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அட்டைப் பெட்டியில் குண்டு பல்பு மாட்டி, இதுதான் என்றாள், நம்பினோம். மூன்று மாதம் எங்கள் வீட்டில் படுக்க இடம் இல்லை. எங்கு பார்த்தாலும் மைதாப் பசை வாசனை, சணல், தகரம், பழைய பேப்பர். ரயில் லைன் ஜல்லியில் பொறுக்கிய சிக்கிமுக்கிக் கல் என்று நம்பப்பட்ட இரண்டு கல். உருளைக்கிழங்கை வெட்டிச் செய்த அச்செழுத்து. ஸ்டவ்வில் கெட்டில் கொதித்து ஆவியில் காற்றாடி சுற்றும் நீராவி யந்திரம். சிகரெட் அட்டையின் வெள்ளித்தாள் ஒட்டிய ராக்கெட். அந்தத் தாளுக்காக அத்தை தெரு ஆண்கள் எல்லாரையும் சிகரெட் குடிக்கவிட்டாள் என்று அம்மா கேலி செய்வாள்.

சக்கரம் மட்டும் நிஜம். விறகு மண்டிக்கு வண்டி ஓட்டுகிறவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை உருட்டிக்கொண்டே பள்ளிக்கூடத்துக்கு வந்தார்.

"இன்னா டீச்சர், இதுக்குப் போயி எக்ஸிபிசனா? ரோட்ல நின்னா தினிக்கும் பாக்கலாமே."

"இதைக் கண்டுபிடிச்சவன் பேரே யாருக்கும் தெரியாது, தெரியுமாண்ணே."

"பேரு தெர்ஞ்சா மட்டும் மாட்டுக்குப் பாரம் கொறையுமா? பத்ரமா திருப்பிக் குடுத்துடு டீச்சர், மாடு சும்மா நின்னுகினு கீது."

இருந்த மேஜைகளில் அத்தை உயிரை வைத்தது கடைசி மேஜையில். 'காது' என்று பெரிதாக எழுதியிருந்தாள். முதலில் காதுக்குப் பின்னால் கையைக் குவித்த ஒரு மனிதன் படம். அடுத்து மாட்டுக்கொம்பு. அடுத்து தகரத்தில் செய்த ஊதுகுழல், அகன்ற வாயில் பேசினால் குறுகிய முனையில் கேட்கும். அதற்கடுத்து வெறும் கட்டம். அங்கே தன் மிஷினையே கழற்றி வைத்து, பிள்ளைகள் வரிசையில் வந்து காதில் வைத்துக் கடிகாரச் சத்தம் கேட்க வேண்டும் என்பது திட்டம். "பயப்பட ஒண்ணுமில்லன்னு அவங்களுக்குத் தெரியணும்" என்றாள். கரஸ்பாண்டென்டுக்கும் தெரியட்டும் என்று இருந்திருக்கும்.

சார்ட்டைப் பார்த்ததும் அப்பா முகம் மாறியது.

"ஊரைக் கூட்டித் தமுக்கு அடிக்கணுமா?"

"ஊருக்குத் தெரியும் அண்ணா."

"தெரிஞ்சாத் தெரியட்டும். நாமளா காட்ட வேணாம். நல்ல எடம் ஒண்ணு வந்திருக்கு. கொஞ்ச நாள் காதும் காதும் வச்ச மாதிரி இரு."

இந்த ஊரில் எத்தனையோ சொலவடை இருக்க, அந்த நேரத்தில் அவர் வாயில் அதுதான் வந்தது. அத்தை அவர் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் சார்ட்டைச் சுருட்டினாள். "சரி, மேஜையில வைக்கல. நான் போட்டுக்கிட்டு இருந்தாப் போதும்" என்றாள். கடைசி மேஜை காலியாகிவிட்டதே என்று அம்மா எங்கள் வீட்டு ஃபிளாஸ்கைக் கொடுத்தாள். சூடு ஆறாத சீசா. அதுவும் ஒரு கண்டுபிடிப்புதானே.

கண்காட்சி அன்று காலையில்தான் விஷயம் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா பாஸ்டரம்மாவோடு கண்காட்சிக்கு வருகிறார்கள், சும்மா பார்க்கிற மாதிரி. பெண் பார்க்க வீட்டுக்கு வருவதற்கு முன்னால் இப்படிக் கோயிலிலோ கடையிலோ தற்செயலாக வந்தது போல ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவது நம் ஜனங்களின் வழக்கம். பெண்ணுக்குத் தெரியாது என்று அவர்கள் நினைப்பார்கள். பெண்ணுக்குத் தெரியும் என்பது பெண் வீட்டாருக்குத் தெரியும். நல்ல குடும்பம், பையனுக்குப் பல்லாவரத்தில் வாத்தியார் வேலை.

அத்தை புடவை கட்டி, மிஷினைப் பையில் போட்டு, சடையை இழுத்துவிட்டு வெளியே வந்தாள். அப்பா வாசலை மறித்து நின்றார்.

"அதைக் கழட்டிடும்மா."

அத்தைக்குப் புரியவில்லை. சடையைத் தொட்டுக் காட்டி, "தெரியல அண்ணா" என்றாள்.

"தெரியல. கேக்குமே. ஆரம்பத்துல ஜெபம் இருக்கு. நீ தலை குனிவ, அது கத்தும். அந்தம்மா பக்கத்துல நிப்பாங்க."

"தலை குனியாம ஜெபம் பண்றேன்."

"கரஸ்பாண்டென்ட், பாஸ்டரம்மா எல்லாரும் குனிஞ்சு நிக்க நீ மட்டும் நிமிர்ந்து நிப்பியா? பொண்ணுக்கு என்ன திமிருன்னு கேக்க மாட்டாங்க?"

"அப்ப ஜெபம் முடிஞ்சதும் போட்டுக்கிறேன்."

"எங்க போயி? அத்தனை பேர் நடுவுலயா? ரெண்டு மணி நேரம்தான். நீ உதட்டைப் பாத்தே எல்லாத்தையும் சமாளிச்சவ. உனக்கென்ன?" குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அண்ணனுக்காக" என்றார்.

அம்மா அடுப்பங்கரை வாசலில் நின்றாள். வாயைத் திறந்தாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். மூடிக்கொண்டாள். அவள் என்ன சொல்ல வந்தாள் என்பது எனக்குத் தெரியப் பல வருஷம் ஆயிற்று: மிஷின் விஷயத்தை அம்மா முன்பே பாஸ்டரம்மாவிடம் சொல்லிவிட்டிருந்தாள். பாஸ்டரம்மா மாப்பிள்ளையின் அம்மாவிடம் சொல்லிவிட்டிருந்தார்கள். மறைக்க அங்கே ஒன்றுமே இல்லை. ஆனால் அப்பாவுக்குத் தெரியாமல் சொன்னதை அப்பா முன்னால் எப்படிச் சொல்வது?

அப்பா மிஷினைக் கைக்குட்டையில் சுற்றி பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார்.

பள்ளிக்கூட ஹாலில் ஜெபம் நல்லபடியாக, ஒரு சத்தமும் இல்லாமல் முடிந்தது. அப்பா கண்ணைத் திறந்ததும் முதலில் அத்தையைத்தான் பார்த்தார், நான் சொன்னேன் பார் என்கிற மாதிரி.

என்னைத் தீப்பெட்டி டெலிபோன் மேஜையில் நிறுத்தியிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா வெள்ளைச் சேலையில், முகத்தில் பவுடர்கூட இல்லாமல், எளிமையாக வந்தார்கள். இன்னொரு முனைத் தீப்பெட்டியை எடுத்து வாய்க்குக் கிட்டே வைத்துக்கொண்டு, நூலை இழுத்துப் பிடித்து, மெதுவாகப் பேசினார்கள்.

"ஹலோ, உங்க அத்தை உங்களை அடிப்பாங்களா?"

"அடிக்க மாட்டாங்க. பாட்டுப் பாடுவாங்க."

"நல்லாப் பாடுவாங்களா?"

"நல்லா இருக்காது" என்றேன். சிரித்துவிட்டார்கள். எனக்கு அவர்களைப் பிடித்துப்போயிற்று. அதுதான் இன்றைக்கும் கசக்கிறது.

அந்த நேரம் கரஸ்பாண்டென்ட் ஒவ்வொரு மேஜையாக வந்தார். ஸ்டவ் இரைச்சல், கெட்டில் இரைச்சல், பிள்ளைகள் கூச்சல். அவர் சக்கரத்திடம் வந்து நின்று, அதைத் தட்டிப் பார்த்துக்கொண்டு, முதுகைக் காட்டியபடியே கேட்டார்: "இதெல்லாம் நீங்களே செஞ்சதா டீச்சர்?"

அத்தையால் அவர் உதட்டைப் பார்க்க முடியவில்லை. அவர் கை சக்கரத்தின் மேல் இருந்ததைப் பார்த்தாள். அவள் படித்துவைத்ததிலிருந்து ஒரு பதிலை எடுத்தாள்.

"கிறிஸ்து பிறக்கிறதுக்கு ரொம்ப முன்னாடி சார்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் பாதி திரும்பி, கொஞ்சம் சத்தமாக, "நீங்க செஞ்சீங்களான்னு கேட்டேன்" என்றார்.

"மெசபடோமியாவுல சார்."

இந்தத் தடவை ஹாலே சிரித்தது. என் வகுப்புப் பிள்ளைகள் சிரித்தார்கள். அத்தையும், எல்லாரும் சிரிக்கிறார்களே என்று, கூடச் சேர்ந்து சிரித்தாள்.

கரஸ்பாண்டென்ட் சிரிக்கவில்லை. முழுக்கத் திரும்பி, அத்தையின் முகத்துக்கு நேராக, தன் காதைத் தொட்டுக் காட்டி நிறுத்தி நிதானமாகக் கேட்டார்: "மிஷின் போட்டிருக்கீங்கல்ல?"

இது அவளுக்குப் புரிந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கை தானாகச் சடைக்குப் போயிற்று. கண் அப்பாவிடம் போயிற்று. அப்பா இரண்டு மேஜை தள்ளி, இரைகிற ஸ்டவ்வுக்குப் பக்கத்தில், மாப்பிள்ளையின் அம்மாவையே பார்த்தபடி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இல்லை சார், வீட்டில் இருக்கிறது என்று சொன்னால் முடிந்திருக்கும். ஆனால் ஏன் என்று அவர் கேட்டிருப்பார். அண்ணன் பூட்டி வைத்துவிட்டார் என்று சொல்ல வேண்டியிருக்கும், அத்தனை பேர் நடுவில்.

"போட்டிருக்கேன் சார்" என்றாள் அத்தை.

அவர் தலையை ஆட்டினார். ரொம்பப் பரிவாக ஆட்டினார். "சரிம்மா, ரொம்ப நல்லாச் செஞ்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார். மாப்பிள்ளையின் அம்மா தீப்பெட்டியை என் மேஜையில் மெதுவாக வைத்தார்கள். பாஸ்டரம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "பாவம். மிஷின் போட்டா நல்லாக் கேக்கும்னு சொன்னீங்களேன்னுதான் நம்பி வந்தேன். போட்டே இப்படின்னா என்ன பண்றது."

மறைத்து மறைத்துப் பழக்கியதில், அது இல்லாத நாளிலும் இருக்கிறது என்று எல்லாரும் நம்பிவிட்டார்கள். இதுதான் நாங்கள் செய்த கண்டுபிடிப்பு.

வீட்டுக்கு நடந்து வரும்போது அப்பா உற்சாகமாக இருந்தார். "யாருக்கும் ஒண்ணும் தெரியல. அந்தம்மா உன்னையேதான் பாத்துக்கிட்டு இருந்தாங்க" என்று அத்தைக்கு முன்னால் வந்து முகம் காட்டிச் சொன்னார். அவர் நின்ற இடத்தில் அந்தப் பேச்சு எதுவும் அவர் காதில் ஏறியிருக்காது என்று நினைக்கிறேன். பிள்ளைகள் சிரித்ததை அவர் பாராட்டு என்றுகூட எடுத்துக்கொண்டிருக்கலாம். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். வலித்தது.

வரன் பக்கத்திலிருந்து பதில் வரவில்லை. ஆர்டரும் வரவில்லை. வரன் பதில் வரட்டும் என்று அப்பா மிஷினைப் பீரோவிலிருந்து எடுக்கவில்லை, அத்தையும் கேட்கவில்லை. கோடை விடுமுறைக்குப் பிறகு அத்தையின் வகுப்புக்கு வேறு டீச்சர் வந்தார்கள். மைக் வைத்த மாதிரி நல்ல குரல் அவர்களுக்கு.

மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு, கோயில் காம்பவுண்டில் வைத்து பாஸ்டரம்மா அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் பீரோவைத் திறந்தார். கைக்குட்டையோடு எடுத்து வந்து அத்தையின் முன்னால் வைத்தார். "போட்டுக்கம்மா" என்றார். செல் கசிந்து பெட்டிக்குள் பச்சையாகப் பூத்திருந்தது. "புது செல் வாங்கிட்டு வரேன், துடைச்சாச் சரியாயிடும்" என்று தானே துடைக்க ஆரம்பித்தார். அத்தை அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். கோபமாக இல்லை, பிள்ளைகள் கையிலிருந்து பேனாவை வாங்குகிற மாதிரி.

"விடு அண்ணா. வகுப்புக்குத்தான் அது வேணும்" என்றாள்.

அப்புறம் அவள் அதைத் தொடவே இல்லை. அஸ்தினாபுரத்துக்கு வீடு மாறியபோது அது எந்த மூட்டையில் போயிற்றோ, யாருக்கும் தெரியாது. காது சார்ட்டை அம்மா அலமாரித் தட்டில் விரித்து, மேலே மசாலா டப்பாக்களை அடுக்கினாள். ராக்கெட் கொஞ்ச நாள் பரணில் பல்லிக்கு வீடாக இருந்தது.

அத்தை ஏற்றுமதித் துணி தைக்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். நூற்றுக்கணக்கில் தையல் மிஷின் ஓடுகிற கூடம். "அங்க யாருக்குமே காது கேக்காது. உதட்டைப் பாத்துப் பேசத் தெரிஞ்சவ நான் ஒருத்திதான். நான்தான் அங்க கெட்டிக்காரி" என்று சிரிப்பாள். ரிட்டயர் ஆகும்வரை சட்டை மடித்தாள். மெசபடோமியா தெரிந்தவள்.

அப்பா அதைப் பற்றிப் பேசியதே இல்லை. ஆனால் எங்கள் தெருவில் எந்தப் புது யந்திரமும் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். மிக்ஸி, கேஸ், டி.வி., வாஷிங் மிஷின். வாங்கி வந்து நடுவீட்டில் வைத்து, அத்தையைக் கூப்பிட்டு, ஸ்விட்சை அவள் கையால் போடச் சொல்வார். அவள் போடுவாள். "நல்லா இருக்கு அண்ணா" என்பாள். அவர் முகத்தையே பார்ப்பார், வேறு ஏதாவது சொல்லுவாளா என்று. சொல்ல மாட்டாள். அவர் சாகிற வரைக்கும் இதுதான் நடந்தது. இப்போது சொல்லுங்கள், உங்கள் பெஞ்சில் மிக்ஸி பேச்சு வந்ததும் எனக்கு எப்படிச் சிரிப்பு வரும்?

அத்தை இப்போது என்னோடு இருக்கிறாள். எழுபதைத் தாண்டியாயிற்று, மிச்சமிருந்த காதும் பெரும்பாலும் போய்விட்டது. அன்றைக்குப் பெஞ்சிலிருந்து எழுந்து வந்த மறுநாள், அவளைப் பிடிவாதமாகக் கூட்டிக்கொண்டு மேற்குத் தாம்பரத்தில் காது மிஷின் விற்கிற கடைக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, ஏசி. ஒரு பையன் லேப்டாப்பில் எதையோ தட்டி, பூண்டுப்பல் அளவில் ஒன்றை அவள் காதுக்குப் பின்னால் மாட்டினான். "வெளிய தெரியவே தெரியாது மேடம். யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அதுதான் இதோட ஸ்பெஷல்" என்று என்னைப் பார்த்துச் சொன்னான். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

அத்தை தலையைத் தூக்கினாள். ஏசியைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். வெளியே பஸ் போயிற்று.

"கேக்குதா அத்தை?" என்றேன், கத்தாமல்.

"கேக்குது." அப்புறம் நாற்காலியை என் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள். ஏதோ விலை பேசப்போகிறாள் என்று நினைத்தேன். "நீ அன்னிக்கு அங்கதானே நின்னுக்கிட்டு இருந்த. தீப்பெட்டி மேஜையில."

எங்கள் வீட்டில் யாரும் அந்த நாளைப் பற்றிப் பேசியது இல்லை, அவளும் கேட்டது இல்லை.

"சார் என்ன கேட்டார்? நான் எத்தனையோ புஸ்தகத்துல தேடிப் பாத்துட்டேன். சக்கரத்துக்கு ஆரக்கால் எப்ப வந்துதுன்னு கேட்டாரா? அச்சாணி எந்த நாட்டுலன்னு கேட்டாரா? எல்லாத்துக்கும் பதில் படிச்சுவச்சேன். எது கேட்டார்னுதான் தெரியல."

சொன்னேன். "இதெல்லாம் நீங்களே செஞ்சதா டீச்சர்னு கேட்டார்."

அந்தப் பையன் லேப்டாப்பில் எதையோ கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தான். அத்தை என் உதட்டைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த தன் கையைப் பார்த்தபடி கேட்டாள்.

"அவ்வளவுதானா கேட்டார்?"